கவாத்துக் கத்திரி: எதை வாங்குவது, யார் கைக்கு?

ஏற்காட்டிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் அடையாளங்களையும் எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருக்கு வயது நாற்பத்து மூன்று. அவரும் வீட்டுக்காரரும் காட்டேஜ்கள், ஓய்வு இல்லங்களின் தோட்டங்களை ஒப்பந்தத்தில் பராமரிக்கிறார்கள். சொந்தமாக ஒன்றரை ஏக்கர் காபி, நிழல் மரத்தில் கொஞ்சம் மிளகு, சில ஆரஞ்சு மரங்கள். உதவிக்கு ஐந்து பேர். அதில் மூவர் பெண்கள், ஒருவர் இடது கைக்காரர், அவர் வெட்டு மட்டும் மோசமாக இருக்கிறதாம். கத்திரிகள் எல்லாம் ஒரு கோணிப்பையில் பொதுவாகக் கிடக்கும். கிளைகளை வெட்டிச் சீராக்கும் கவாத்துக் கத்திரி வருடத்துக்குப் பன்னிரண்டாவது வாங்குகிறார்கள், ஒன்று 350 ரூபாய். போன மழைக்காலத்தில் இணையத்தில் ஒரு பிரபல ஸ்விஸ் கம்பெனியின் பெயர் போட்ட சிவப்புக் கைப்பிடிக் கத்திரி 900 ரூபாய்க்குக் கிடைத்திருக்கிறது. சில வாரங்களில் எலுமிச்சைக் கிளை ஒன்றை வெட்டும்போது அதன் அலகு உடைந்துவிட்டது. விற்றவர், பயன்படுத்திய பொருளைத் திரும்ப எடுக்க முடியாது என்று கைவிரித்துவிட்டார்.

“சார், வலது கட்டைவிரலின் அடிப்பக்கம் இப்போதெல்லாம் வலிக்கிறது. சேலத்தில் நல்ல ஸ்டெயின்லெஸ் கத்திரி வாங்கினால் காலத்துக்கும் வரும் என்கிறார் வீட்டுக்காரர். கைவலிக்கு ராட்செட் வைத்த ஆன்வில் கத்திரிதான் சரி என்கிறார் கடைக்காரர். மகன் பேட்டரி கத்திரி வாங்கச் சொல்கிறான். போன மாதம் இரண்டு கத்திரி காணாமல் போனது, கூலியில் பிடிக்கலாமா? ஒரு காட்டேஜில் ரோஜாச் செடிகள் நுனியிலிருந்து கருகிக்கொண்டே வருகின்றன, அதற்கும் கத்திரிக்கும் சம்பந்தம் உண்டா? நாங்கள் கத்திரியை மண்ணெண்ணெயில் கழுவி, தேங்காய் எண்ணெய் தடவித்தான் வைக்கிறோம். எந்தக் கம்பெனி வாங்குவது என்று சொல்லுங்கள்.”

அன்புள்ள சகோதரிக்கு,

கம்பெனி பெயருக்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன்னால் ஒரு கணக்கு. பன்னிரண்டு கத்திரி, ஒன்று 350 என்றால் வருடத்துக்கு 4,200 ரூபாய். மூன்று வருடத்தில் 12,600. ஆக, மலிவாக வாங்குகிறோம் என்று நினைத்துக்கொண்டு நீங்கள் ஏற்கெனவே நல்ல கத்திரியின் விலையைத்தான் தவணையில் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். பணம் கைவிட்டுப் போகிறது, நல்ல கத்திரி மட்டும் கைக்கு வரவில்லை. அதோடு ஏழு பேருக்கும் ஒரே அளவு, ஒரே வகை. உங்கள் கட்டைவிரல் வலியும், இடது கைக்காரரின் மோசமான வெட்டும், கத்திரி தொலைவதும்கூட இங்கிருந்துதான் தொடங்குகின்றன என்பது என் எண்ணம்.

முதலில் கையை அளந்து பாருங்கள்

கத்திரியின் லாக்கை எடுத்துவிட்டு முழுதாக விரியவிடுங்கள். அப்படி விரிந்திருக்கும்போது உங்கள் மோதிர விரலும் சுண்டுவிரலும் கைப்பிடியைச் சுற்றி வளைகின்றனவா? நுனிவிரலால் எட்டிப் பிடிக்கவேண்டியிருந்தால் அந்தக் கத்திரி உங்கள் கைக்குப் பெரிது. அழுத்தத் தொடங்கும்போது பாரம் முழுவதும் கட்டைவிரலின் அடியிலும் முதல் இரண்டு விரல்களிலும் விழும். ஒரு நாளைக்குப் பத்து வெட்டு என்றால் தெரியாது. காபிக் கவாத்து நாட்களில் அது நூற்றுக்கணக்கில் போகும்.

கடைகளில் சாதாரணமாகத் தொங்குவது இருபத்தொரு சென்டிமீட்டர் வாக்கில் நீளமுள்ள, ஆண்களின் கைக்கென்று செய்த அளவு. சிறிய கைக்கென்றே தனி அளவு வருகிறது. உதாரணத்துக்கு, ஃபெல்கோ என்ற ஸ்விஸ் கம்பெனியின் 2-ஆம் எண் கத்திரி 21.5 சென்டிமீட்டர். அதே கம்பெனியின் 6-ஆம் எண் 19.5 சென்டிமீட்டர், விரியும் அகலமும் குறைவு. இரண்டு சென்டிமீட்டரில் என்ன வந்துவிடப்போகிறது என்று தோன்றும். கையில் பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். கீழ்க் கைப்பிடி நம் விரலோடு சேர்ந்து சுழலும் மாதிரிகளும் உண்டு. விரல்களில் உராய்வு குறையும் என்பதால் நாள் முழுக்க வெட்டுகிறவர்களுக்கு நல்லதுதான். ஆனால் பழக ஒரு வாரமாவது ஆகும், சிலருக்குக் கடைசிவரை ஒத்துவராது.

இன்னொன்று, இதற்குக் காசு செலவில்லை. கிளையை அலகின் நுனியில் கொடுத்து அழுத்தாதீர்கள். உள்ளே, நடு போல்ட்டுக்குப் பக்கத்தில் வருமாறு கொடுங்கள். அதே கிளைக்கு வேண்டிய பலம் அங்கே வெகுவாகக் குறையும். உங்கள் ஆட்கள் வேலை செய்வதை அரைமணி நேரம் தள்ளி நின்று கவனியுங்கள். பாதிப் பேர் நுனியால் கடித்துக் கடித்து வெட்டிக்கொண்டிருப்பார்கள்.

வலியைப் பற்றி ஒரு வார்த்தை. நான் தோட்டக்கலைக்காரன், மருத்துவன் அல்ல. காலையில் விரல் மடங்கி மாட்டிக்கொண்டு ‘டக்’கென்று விடுபடுகிறது, ராத்திரியில் விரல்கள் மரத்துப்போகின்றன, கட்டைவிரலை உள்ளே மடக்கினால் மணிக்கட்டில் சுரீரென்கிறது, இதில் ஏதாவது இருந்தால் நல்ல கத்திரி வாங்கினால் சரியாகிவிடும் என்று காத்திருக்காதீர்கள். சேலம் அரசு மருத்துவமனையில் எலும்பு மருத்துவப் பிரிவில் ஒரு தடவை காட்டிவிடுங்கள்.

ஆன்வில் எதற்கு, பைபாஸ் எதற்கு

கடைக்காரர் சொன்னது பாதி சரி. ஆன்வில் கத்திரியில் ஒரே ஓர் அலகுதான் வெட்டும். அது ஒரு தட்டையான தகட்டின் மேல் போய் உட்காரும். காய்ந்த கட்டைக்கு அது நன்றாக வேலை செய்யும். ராட்செட் வைத்ததில் ஒரே அழுத்தாக அழுத்தாமல் இரண்டு மூன்று தவணையாக அழுத்தலாம், அதனால் கைப்பலம் குறைவாகப் போதும். ஆனால் பச்சைக் கிளையை அந்தத் தகட்டின் மேல் வைத்து அழுத்தினால் கிளையின் பட்டையும் உள்தோலும் நசுங்கும். ரோஜாவுக்கும் காபிக்கும் ஆரஞ்சுக்கும் அது ஆகாது. தவிர, ஒரு வெட்டுக்கு மூன்று அழுத்து என்றால் வேலையும் இழுக்கும்.

உங்கள் வேலையில் பெரும்பகுதிக்கு வேண்டியது பைபாஸ். அதில் கூரான மெல்லிய அலகு, வளைந்த தடித்த அலகை உரசிக்கொண்டு தாண்டிப் போகும். வெட்டு சுத்தமாக இருக்கும். காய்ந்த கொம்புகளுக்கு என்று ஒரே ஒரு ஆன்வில் வைத்துக்கொள்ளுங்கள், பொதுவில் கிடக்கட்டும்.

பைபாஸிலும் பலர் தலைகீழாகப் பிடிக்கிறார்கள். மெல்லிய அலகு செடியில் நிற்கப்போகும் பக்கம் இருக்கவேண்டும். தடித்த அலகு கீழே விழப்போகும் துண்டின் பக்கம். மாற்றிப் பிடித்தால் தடித்த அலகு நசுக்கிய நாலைந்து மில்லிமீட்டர் கட்டை செடியிலேயே நின்றுவிடும். அந்தக் காட்டேஜுக்கு அடுத்த தடவை போகும்போது ரோஜாவின் பழைய வெட்டுக்களில் பத்தைக் குனிந்து பாருங்கள். நல்ல வெட்டு என்றால் முகம் வழவழப்பாக, பட்டை விளிம்புவரை ஒட்டியிருக்கும். மோசமான வெட்டில் ஒரு பக்கம் பட்டை நார்நாராகக் கிழிந்து, விளிம்பு பழுப்பாகி, மொட்டுக்கு மேலே ஒரு சின்னக் குச்சி காய்ந்து நிற்கும். நுனிக்கருகல் பெரும்பாலும் அந்தக் குச்சியில்தான் நுழைகிறது. அதனால் உங்கள் கேள்விக்குப் பதில், ஆமாம், சம்பந்தம் உண்டு. மொட்டுக்கு மேலே அரை சென்டிமீட்டர் விட்டு, மொட்டுக்கு எதிர்ப்பக்கம் சரிகிற மாதிரி வெட்டுங்கள். கருகிய இடத்திலேயே வெட்டினால் பயனில்லை. உள்தண்டு வெள்ளையாகத் தெரியும் இடம்வரை இறங்கவேண்டும்.

இடது கைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. வலது கைக் கத்திரியை இடது கையில் பிடித்தால் அலகுகளின் இடம் மாறிவிடும், எந்த இடத்தில் வெட்டுகிறோம் என்பதைத் தடித்த அலகு மறைத்துவிடும். சரியான பக்கம் வெட்ட அவர் மணிக்கட்டைத் திருப்பவேண்டியிருக்கும். அவருக்கென்று இடது கைக் கத்திரி ஒன்று வரவழைத்துக் கொடுங்கள். ஃபெல்கோவில் 9-ஆம் எண் அதற்கென்றே செய்தது. உள்ளூர்க் கடையில் கிடைப்பது அபூர்வம், சொல்லிவைத்துத்தான் வாங்கவேண்டும்.

எவ்வளவு கனம்வரை வெட்டலாம்? அட்டையில் 20 அல்லது 25 மில்லிமீட்டர் என்று போட்டிருப்பார்கள். அது உச்ச அளவு, தினசரி அளவு அல்ல. காபி மரம் நல்ல வைரம் பாய்ந்த மரம், காய்ந்துவிட்டால் இன்னும் மோசம். சுட்டுவிரல் கனத்தோடு கைக்கத்திரியை நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் நீண்ட கைப்பிடிக் கத்திரி, அதற்கும் மேல் மடக்கும் ரம்பம். நல்ல மடக்கு ரம்பம் ஒன்று வாங்கினால் உங்கள் கத்திரிகளின் ஆயுள் தானாகவே கூடிவிடும். கிளை நகராதபோது கத்திரியை இப்படியும் அப்படியும் முறுக்குகிறோமே, அலகுக்கு நடுவில் இடைவெளி விழுவது அதனால்தான். சில்வர் ஓக் கொம்பு இறக்குவதற்கும் வேலி வெட்டுவதற்கும் இந்தக் கத்திரியை எடுக்கவே கூடாது.

ஸ்டெயின்லெஸ் விஷயம்

சேலத்துக்காரரிடம் ஸ்டெயின்லெஸைப் பற்றிக் குறைத்துப் பேசுவது கொஞ்சம் தர்மசங்கடம். 1981 முதல் ஸ்டெயின்லெஸ் உருக்காலை ஓடுகிற ஊர். ஆனால் உங்கள் வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லுங்கள்: தட்டும் டம்ளரும் செய்கிற ஸ்டெயின்லெஸ் வேறு, அலகு செய்கிற ஸ்டெயின்லெஸ் வேறு. தட்டுக்குப் போகிற வகையைச் சூடாக்கிக் குளிரவைத்துக் கடினமாக்க முடியாது. கூர் நிற்பதற்கு அந்தக் கடினம்தான் வேண்டும். அலகுக்கென்று கடினப்படுத்தக்கூடிய வகையும் இருக்கிறது, நல்ல கத்திரிகளில் அதைப் போடுகிறார்கள். ஆனால் மலிவுக் கத்திரியில் ‘ஸ்டெயின்லெஸ்’ என்று மட்டும் எழுதியிருந்தால் அது எந்த வகை என்று யாருக்கும் தெரியாது.

நான் பரிந்துரைப்பது கார்பன் கூடுதலாக உள்ள உருக்கு. கூர் நன்றாகப் பிடிக்கும், சீக்கிரம் மழுங்காது, தீட்டுவதும் சுலபம். துரு ஏறும் என்பது உண்மை. ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் ஒரு ராத்திரி ஈரத்தோடு வைத்தால் காலையில் செம்மண் பூசினாற்போல் இருக்கும். தினமும் துடைத்து எண்ணெய் போடுகிற பழக்கம் இருந்தால் அது ஒரு பிரச்சினையே இல்லை. பழக்கம் வராது என்று நினைத்தால் குரோம் பூசிய அலகு வாங்குங்கள். ஜப்பானின் ஏ.ஆர்.எஸ். கத்திரிகளில் அப்படி வருகிறது.

தேங்காய் எண்ணெய் வேண்டாம். உங்கள் ஊர் மார்கழிக் குளிரில் அது உறைந்து, போல்ட்டைச் சுற்றி வெண்ணெய் மாதிரி உட்கார்ந்துகொள்ளும், தூசியையும் சேர்த்துப் பிடிக்கும். தையல் மெஷினுக்குப் போடுகிற எண்ணெய் இரண்டு சொட்டு போதும்.

கடையில் நின்று பார்க்கவேண்டியவை

அட்டையைப் பிரிக்கவிடாத கடையில் கத்திரி வாங்காதீர்கள். மூடிய கத்திரியை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். இரண்டு அலகும் உரசும் கோட்டில் ஒளி தெரியக்கூடாது. அப்புறம் பாதி விரித்து, இரண்டு கைப்பிடியையும் பக்கவாட்டில் ஆட்டுங்கள். லொடலொட என்று ஆடினால் வைத்துவிடலாம். பையில் ஒரு செய்தித்தாள் துண்டு கொண்டுபோங்கள், அதை அலகின் அடியிலிருந்து நுனிவரை ஒரே வெட்டாக வெட்டிப் பாருங்கள். நுனியில் காகிதம் மடங்கி உள்ளே இழுத்துக்கொண்டால் அது ரோஜாப் பட்டையையும் அப்படித்தான் இழுக்கும்.

முக்கியமானது நடுவில் இருப்பது. நட்டு போட்டிருக்கிறதா, ரிவிட் அடித்திருக்கிறதா? ரிவிட் அடித்ததைக் கழற்ற முடியாது, இறுக்க முடியாது, அலகு மாற்ற முடியாது. உங்கள் 350 ரூபாய்க் கத்திரிகள் அனேகமாக இந்த ரகம்தான். அவற்றில் பல, ஒரு சுற்று இறுக்கினால் மறுபடி ஓடியிருக்கும். இறுக்கத்தான் வழியில்லை. கடைக்காரரிடம் கேட்கவேண்டிய முதல் கேள்வி விலை அல்ல, “இதற்கு அலகும் ஸ்பிரிங்கும் தனியாகக் கிடைக்குமா?” என்பதுதான்.

சரி, கம்பெனி. ஃபெல்கோ 1945-இல் சுவிட்சர்லாந்தில் தொடங்கியது. அதன் 2-ஆம் எண் 1948 முதல் அநேகமாக அதே வடிவில் வருகிறது. அலகு, ஸ்பிரிங், போல்ட்டு என்று எல்லாம் தனித்தனியாக மாற்றலாம் என்பதுதான் அதன் பெருமை. விலை ஆயிரங்களில். நம் நாட்டில் லூதியானாவின் ஃபால்கன் கருவிகள் பல ஊர்களிலும் கிடைக்கின்றன, விலை நமக்குக் கட்டுப்படியாகும். அதிலும் ஒவ்வொரு மாதிரியும் ஒவ்வொரு தரம், மேலே சொன்ன சோதனைகளைச் செய்துதான் எடுக்கவேண்டும். எல்லாருக்கும் ஸ்விஸ் கத்திரி வாங்கித் தரவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். தினமும் முழு நாளும் வெட்டுகிறவருக்கு அது நியாயமான செலவு, வாரம் இரண்டு மணி நேரம் வெட்டுகிறவருக்கு ஆடம்பரம்.

கழுவுவதும் தீட்டுவதும்

மண்ணெண்ணெய் பிசினைக் கரைக்கும். நோயைக் கொல்லும் என்று நம்பவேண்டாம். கருகல் பிடித்த செடியில் வெட்டிய கத்திரி மண்ணெண்ணெயில் பளபளப்பானதும் அடுத்த செடிக்குப் போகிறது, அவ்வளவுதான். மருந்துக்கடையில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் என்று கேட்டு வாங்குங்கள். முதலில் பிசினைத் துடைத்து, பிறகு ஸ்பிரிட்டில் நனைத்து அரை நிமிடமாவது விடுங்கள். நோயுள்ள செடி என்றால் செடிக்குச் செடி, மற்றபடி தோட்டத்துக்குத் தோட்டம். ஒரு காட்டேஜ் நோயை இன்னொரு காட்டேஜுக்குக் கொண்டுபோகும் பழி ஒப்பந்தக்காரருக்கு வரக்கூடாது. ஸ்பிரிட் பக்கத்தில் பீடி பற்றவைக்கக் கூடாது என்று ஆட்களிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். பிளீச்சிங் பவுடர் கரைசலும் கிருமியைக் கொல்லும், ஆனால் அலகையும் அரிக்கும்.

பெரிய வெட்டுக்களுக்குப் பூஞ்சையைத் தடுக்கும் போர்டோ பசை தடவுங்கள். மயில்துத்தம் ஒரு கிலோ, சுண்ணாம்பு ஒரு கிலோ, தண்ணீர் பத்து லிட்டர் என்ற விகிதம். இரும்பு வாளியில் கலக்காதீர்கள், பிளாஸ்டிக் போதும். ரோஜாவுக்கு வந்திருப்பது நுனிக்கருகல்தானா என்ற சந்தேகம் இருந்தால், ஏற்காட்டிலேயே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பாதி கருகிய, பாதி பச்சையான கொம்பு ஒன்றைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். முழுக்கக் காய்ந்த குச்சியைக் காட்டினால் அவர்களாலும் ஒன்றும் சொல்லமுடியாது.

தெருவில் வரும் சாணைக்காரரிடம் அரிவாள்மனை கொடுக்கலாம், கவாத்துக் கத்திரி கொடுக்காதீர்கள். வேகமாகச் சுற்றும் கல்லில் மெல்லிய அலகு சூடேறி நீலம் பாய்ந்துவிடும். நீலம் பாய்ந்த இடத்தில் பதம் போய்விட்டது என்று அர்த்தம், அப்புறம் கூர் நிற்காது. அவர் இரண்டு பக்கமும் தீட்டிவிடுவார் என்பது இன்னொரு ஆபத்து. பைபாஸ் அலகில் சரிவு ஒரு பக்கம்தான். டயமண்ட் அரம் ஒன்று வாங்கி, அந்தச் சரிவில், கம்பெனி வைத்த அதே சாய்வில், ஒரே திசையில் நாலைந்து இழுப்பு இழுங்கள். பின்பக்கம் பிசிறு சேர்ந்திருக்கும். அரத்தை ஏறக்குறையப் படுக்கவைத்து ஒரு தடவை இழுத்தால் அது போய்விடும். தடித்த அலகைத் தீட்டவே கூடாது. தீட்டினால் இடைவெளி விழும். காபிக் கவாத்து சமயத்தில் இதைச் சாயங்கால வேலையாக ஒருவரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

இணையத்தில் ஏமாந்த 900 ரூபாய்

அசல் அந்த விலைக்கு வராது, உங்களுக்கு வந்தது போலி என்றே நினைக்கிறேன். ஆனாலும் விற்றவர் சொன்னதை அப்படியே ஏற்கவேண்டியதில்லை. 2020-இன் மின்வணிக விதிகளின்படி, பொருள் பழுதாகவோ போலியாகவோ விளம்பரத்தில் சொன்னதற்கு மாறாகவோ இருந்தால் அதைத் திரும்ப எடுக்க மறுக்கக்கூடாது. விற்பனைத் தளத்தில் குறைதீர்க்கும் அலுவலர் ஒருவர் இருக்கவேண்டும், அவர் புகாரைப் பெற்றுக்கொண்டதை 48 மணி நேரத்துக்குள் உறுதிசெய்து ஒரு மாதத்துக்குள் தீர்க்கவேண்டும். பில், விளம்பரப் பக்கத்தின் படம், உடைந்த அலகின் படம் மூன்றையும் சேர்த்து எழுத்தில் புகார் கொடுங்கள். அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

அதற்கு மேல், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், இரண்டு வருடம் அவகாசம் உண்டு. ஆனால் ஒரு சிக்கல். வியாபாரத்துக்காக வாங்கியவர் ‘நுகர்வோர்’ ஆகமாட்டார். தன் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்கிறவருக்கு விலக்கு இருக்கிறது. ஐந்து பேரை வைத்து ஒப்பந்த வேலை செய்யும் நீங்கள் அந்த விலக்குக்குள் வருவீர்களா என்று எதிர்த்தரப்பு கட்டாயம் கேட்கும். 900 ரூபாய்க்காக நுகர்வோர் ஆணையம்வரை போகச் சொல்லமாட்டேன். தளத்துக்குப் புகாரும் 1915-ம் வரைக்கும் போங்கள், பலருக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது.

கூலியில் பிடிப்பது

எனக்குப் பிடிக்காத யோசனை, சட்டத்துக்கும் அவ்வளவாகப் பிடிக்காது. ஒரு பொருளைக் குறிப்பிட்ட ஒருவரின் பொறுப்பில் ஒப்படைத்து, அவருடைய கவனக்குறைவால்தான் அது தொலைந்தது என்றால் மட்டுமே பிடித்தம் செய்யலாம். அதற்கும் முன்னால் அவர் தரப்பைக் கேட்கவேண்டும், நஷ்டத்துக்கு மேல் பிடிக்கக்கூடாது. உங்கள் கத்திரிகள் ஒரு கோணிப்பையில் பொதுவாகக் கிடக்கின்றன. யார் தொலைத்தார் என்று எப்படிச் சொல்வீர்கள்?

ஆளுக்கு ஒன்று என்று கொடுங்கள். கைப்பிடியில் அவரவர் எண்ணை ஆணியால் கீறிவிடுங்கள், இடுப்பில் மாட்ட ஒரு தோல் உறை வாங்கிக் கொடுங்கள். பச்சைக் கைப்பிடி வாங்காதீர்கள், இலைக்குள் விழுந்தால் அவ்வளவுதான். இருப்பது பச்சையாக இருந்தால் சிவப்பு டேப் சுற்றிவிடலாம். தன்னுடையது என்று ஆனபிறகு ஆட்களே துடைத்து வைப்பதைப் பார்ப்பீர்கள்.

பேட்டரியும், இந்தப் பருவத்துக்கு வாங்கவேண்டியதும்

உங்கள் மகனின் யோசனை கெட்டதல்ல, இப்போது உங்களுக்கு வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். பத்து ஏக்கர் காபி இருந்தால் வேறு பேச்சு. பேட்டரி கத்திரி கையில் கனமாக இருக்கும், நாள் முழுக்கத் தூக்கினால் வலி விரலிலிருந்து தோளுக்கு மாறும். கிளையைப் பிடிக்கும் மற்ற கையின் விரலைக் கிளையோடு சேர்த்துக் கண நேரத்தில் வெட்டிவிடும் என்பது பெரிய கவலை. விரல் பட்டால் நின்றுவிடும் ஏற்பாடு விலையுயர்ந்த சில மாதிரிகளில்தான் இருக்கிறது. கஷ்டமில்லாமல் வெட்டுகிறது என்பதால் ஆட்கள் தேவைக்கு மேல் வெட்டிவிடுவதும் நடக்கும். காபியில் தண்டு வெயிலுக்குத் திறந்துவிட்டால் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்ற வண்டுக்கு அழைப்பு வைத்த மாதிரி.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் காபி அறுவடை முடிந்து கவாத்து தொடங்குவதற்குள் இப்படிச் செய்வேன். உங்களுக்குச் சிறிய கைக்கான நல்ல பைபாஸ் ஒன்று. இடது கைக்காரருக்கு அவர் கைக்கானது ஒன்று. இந்த இரண்டுக்கும் காசு பார்க்கவேண்டாம். மற்ற ஐவருக்கும் நட்டு போட்ட, அலகு மாற்றக்கூடிய உள்நாட்டுக் கத்திரி ஆளுக்கொன்று. பெண்களைக் கடைக்குக் கூட்டிப்போய் அவர்கள் கையில் கொடுத்து அளவு பாருங்கள், இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏறுகிற சிரமம் ஒரு நாளோடு போகும். பொதுவில் ஒரு ஆன்வில், ஒரு மடக்கு ரம்பம், ஒரு நீண்ட கைப்பிடிக் கத்திரி, ஒரு டயமண்ட் அரம். முதல் வருடம் 4,200 ரூபாயைத் தாண்டித்தான் போகும். ஒரே மூச்சில் முடியாவிட்டால் முதலில் அந்த இரண்டு நல்ல கத்திரியும் அரமும் ரம்பமும். இருக்கிற பழையதில் நட்டு போட்டவற்றைக் கழற்றித் தீட்டி, இந்தப் பருவத்தை அவற்றில் ஓட்டலாம்.

ஸ்பிரிங் மட்டும் நாலைந்து கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அது காபிச் செடிக்குள் தெறித்து விழுந்தால் தேடி எடுப்பது நடக்காத காரியம்.